மலைக்குப் போகிறீர்களா? தண்ணீருக்கு நூறு கிராம் இடம் வையுங்கள்



ஒக்டோபர் கழிந்து காலைக் காற்றில் சிறிது குளிர் தட்டத் தொடங்கியதும், வளைகுடாவில் வாழும் நம்மவர்களுக்குக் கால் வீட்டில் தரிப்பதில்லை. ஹத்தா, ஷவ்கா, ஜெபல் ஜைஸ் என்று ஒரு கூட்டம் புறப்படும். இன்னொரு கூட்டம் எல்லை தாண்டி ஓமானின் வாடி ஷாப், ஜெபல் ஷம்ஸ் வரை போய் வரும். நல்ல விடயம்தான். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நடையைப்போல் மருந்தில்லை என்று வருடம் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். எனவே மலைக்குப் போகவேண்டாம் என்று சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. போகும்போது தண்ணீர் விடயத்தில் எதைக் கொண்டு போவது, எதை எப்படிச் சுத்தமாக்குவது என்று சொல்லத்தான் எழுதுகிறோம்.

முதலில் எங்களிடம் வந்த ஒரு குழுவின் கதையைக் கேளுங்கள்.

ஆறு பேர், ஒன்பது லீற்றர்

ஒரு மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. ஆறு இளைஞர்கள் ராஸ் அல் கைமா மலைப்பக்கம் நடக்கப் போனார்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்று. நாலு மணித்தியாலத்தில் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. இறங்கும் வழியில் தடம் மாறிவிட்டது. மதியம் ஒரு மணிக்கு எல்லாப் போத்தலும் காலி. சற்றுக் கீழே பாறைக்குழி ஒன்றில் பச்சையாகப் பாசி படர்ந்த தண்ணீர் கிடந்தது. ஓரத்தில் ஆட்டுப் புழுக்கை.

ஐந்து பேர் கையால் அள்ளிக் குடித்தார்கள். ஒருவர் மட்டும் குடிக்கவில்லை. "இதைக் குடித்தால் செங்கண்மாரி வரும்" என்று சொல்லி மறுத்துவிட்டார். இரண்டு மணித்தியாலம் கழித்து அவர் தடுமாறி விழுந்தார். பேச்சுக் குழறியது. மற்றவர்கள் தூக்கி வந்து சேர்த்தபோது மாலையாகிவிட்டது. வெப்பத்தாலும் நீர் வற்றியதாலும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, சேலைன் ஏற்றி, நாலு நாள் மருத்துவமனையில் இருந்தார். நல்ல காலம், முழுமையாகத் தேறிவிட்டார்.

தண்ணீர் குடித்த ஐவரில் இருவர் பத்து நாள் கழித்து எங்களிடம் வந்தார்கள். வயிறு ஊதல், அழுகிய முட்டை மணத்தோடு ஏப்பம், எண்ணெய்ப் பிசுக்கோடு நாற்றமெடுக்கும் வயிற்றோட்டம். மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி இருந்தது. மாத்திரையில் குணமானது.

இதில் தவறு செய்தவர் யார்? குடித்தவர்களா, குடிக்காதவரா? எங்களைக் கேட்டால், ஆறு பேரும் காலையில் காரின் பின்கதவைத் திறந்து பை கட்டும்போதே தவறு செய்துவிட்டார்கள். தண்ணீர் போதவில்லை. கிடைக்கும் தண்ணீரைச் சுத்தமாக்க ஒரு துரும்பும் கையில் இல்லை. இரண்டில் ஒன்று இருந்திருந்தாலும் ஒருவரும் எங்களிடம் வந்திருக்க மாட்டார்கள்.

முதல் விதி: தண்ணீரைச் சுமந்து போங்கள்

ஐரோப்பாவிலோ நுவரெலியாவிலோ மலை நடக்கிறவர் சின்னப் போத்தலோடு போய், வழியில் ஓடும் அருவியில் நிரப்பிக்கொள்ளலாம். ஹஜர் மலைத்தொடரில் அந்தக் கணக்குச் சரிவராது. வரைபடத்தில் நீலக் கோடாக இருக்கும் வாடி, போய்ப் பார்த்தால் வெறும் கூழாங்கல்லாக இருக்கும். போன மாதம் நண்பர் பார்த்த குளம் இந்த மாதம் சேறாகியிருக்கும். எனவே வடிகட்டியும் மாத்திரையும் நமக்குத் துணை ஏற்பாடுதான். முதல் ஏற்பாடு முதுகில் இருக்கும் தண்ணீர்.

குளிர்கால வெயிலில் நடக்கும் ஒருவருக்கு மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை தேவை. ஐந்து மணித்தியால நடைக்கு ஆளுக்கு நாலைந்து லீற்றர் என்று வையுங்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ. பாரம்தான். ஆனால் குடிக்கக் குடிக்கக் குறையும் பாரம் அது ஒன்றே. பாதித் தண்ணீர் முடிந்ததும், உச்சி எட்டினாலும் எட்டாவிட்டாலும், திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று: மணித்தியாலத்துக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பும் போகிறது. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, மயக்கம் வரலாம். உப்பிட்ட கடலை, ஊறுகாய்ச் சோறு, மோர், இல்லாவிட்டால் வாய்வழி நீரேற்றுக் கரைசல் ஒரு பொதி. இலங்கையில் நாம் ஜீவனி என்று சொல்வது இதைத்தான்.

தண்ணீருக்குள் என்ன இருக்கிறது?

அமீரகத்தில் குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். குடிப்பதோ போத்தல் தண்ணீர். இருபது வருடம் இப்படி வாழ்ந்தபின் தண்ணீரைக் கண்ணால் பார்த்து எடைபோடும் பழக்கம் நமக்கு மறந்து போய்விட்டது. தெளிவாக இருந்தால் நல்லது, கலங்கலாக இருந்தால் கெட்டது என்று நினைக்கிறோம். கிருமிகளைக் கண்ணால் காண முடியாது. அவற்றை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பார்த்தால் எந்தச் சாதனம் எதற்கு என்பது தானாக விளங்கும்.

முதற்கூட்டம் ஒட்டுண்ணிகள்: ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம், அமீபா. கிருமிகளில் இவை பெரியவை. ஜியார்டியாவின் கூடு ஏறக்குறைய 8 முதல் 12 மைக்ரோன், கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரோன். (ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோன்.) ஆடு, மாடு, கழுதை, மனிதர் எல்லோருடைய மலத்திலும் வரலாம்.

இரண்டாவது பக்டீரியாக்கள்: நெருப்புக்காய்ச்சல், வாந்திபேதி, வயிற்றளைச்சல் தருபவை. பருமன் அரை மைக்ரோன் முதல் சில மைக்ரோன் வரை.

மூன்றாவது வைரசுகள்: செங்கண்மாரி தரும் ஹெப்பற்றைற்றிஸ் ஏ, ஈ, வாந்தியும் வயிற்றோட்டமும் தரும் நோரோ, ரோட்டா வைரசுகள். இவை 0.1 மைக்ரோனுக்கும் மிகச் சிறியவை. நமக்கு நோய் தரும் வைரசு பெரும்பாலும் மனித மலத்திலிருந்து வருவது. ஆள் நடமாட்டம் இல்லாத மலைக்குழியில் இந்தப் பயம் குறைவு. விடுமுறை நாளில் நூறு பேர் குளிக்கும் வாடியிலும் ஊருக்குக் கீழே ஓடும் தண்ணீரிலும் பயம் கூடுதல்.

எந்த முறை எவ்வளவு பாரம்?

*கொதிக்க வைத்தல்.* மூன்று கூட்டத்தையும் அழிப்பது இதுதான். நன்கு குமிழியிட்டுக் கொதித்தபின் ஒரு நிமிடம் போதும். 2,000 மீற்றருக்கு மேல் மூன்று நிமிடம். ஜெபல் ஜைஸ் 2,000 மீற்றருக்குச் சற்றுக் குறைவு என்பதால் அங்கே ஒரு நிமிடக் கணக்கு. 3,000 மீற்றரை அண்டிய ஜெபல் ஷம்ஸ் உச்சியில் கூடாரம் போடுபவர்களுக்கு மூன்று நிமிடக் கணக்கு. ஆனால் அடுப்பு, எரிவாயுக் குப்பி, பாத்திரம் எல்லாம் சேர்ந்தால் அரைக் கிலோவைத் தொட்டுவிடும். வெயிலில் தவித்து நிற்பவருக்குக் கொதித்த தண்ணீர் ஆற நேரமும் வேண்டும். இரவு தங்குபவர்களுக்கு ஏற்றது. பகல் நடைக்குச் சிரமம்.

*துணியில் வடித்தல்.* இது நம் பாட்டிமார் கைவைத்தியம். பங்களாதேஷ் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீர் வடித்தபோது வாந்திபேதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்தக் கிருமி தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் ஒட்டிக்கொண்டிருப்பதால் அவற்றோடு சேர்ந்து துணியில் தங்கிவிடுகிறது. தனியாகத் தனித்திருக்கும் கிருமியைத் துணி பிடிக்காது. ஆகவே துணி மட்டும் போதாது. ஆனால் அடுத்து வரும் எந்த முறைக்கும் முன்வேலையாகத் துணியில் வடித்தால் சேறும் பாசியும் நீங்கி அந்த முறை நன்றாக வேலை செய்யும். நைந்த பருத்திதான் நல்லது. நூல்கள் விரிந்து இடைவெளி சிறுத்திருக்கும். பாரம், ஒரு கைலேஞ்சியின் பாரம்.

*குழல்நார் வடிகட்டி.* இன்று மலை நடப்பவர்கள் அதிகம் பாவிப்பது இது. உள்ளே வெறுங்குழல் போன்ற மெல்லிய நார்கள் நூற்றுக்கணக்கில் கட்டாக இருக்கும். நாரின் சுவரில் 0.1 அல்லது 0.2 மைக்ரோன் துளைகள். ஒட்டுண்ணியும் பக்டீரியாவும் உள்ளே நுழைய முடியாது. மென்பையில் அழுக்குத் தண்ணீரை நிரப்பி, வடிகட்டியைத் திருகிப் பிழிந்தால் உடனே குடிக்கலாம். காத்திருக்கத் தேவையில்லை. சிறிய வகைகள் 60 முதல் 90 கிராம்தான். குறை: வைரசு தப்பிவிடும். வைரசையும் பிடிக்கும் பெரிய வடிகட்டிப் போத்தல்கள் உண்டு. அவை அரைக் கிலோ அளவுக்குப் போகும்.

நம் ஊரில் இந்த வடிகட்டிக்கு எதிரி வெப்பம். பல வகைகளுக்கு 60 பாகை செல்சியசுக்கு மேல் ஆகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் எவ்வளவு ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சுத்தமான தண்ணீரை எதிர்ப்பக்கமாகச் செலுத்திக் கழுவி, தயாரிப்பாளர் சொன்னபடி கிருமிநீக்கி உலர்த்துங்கள். ஈரமாகவே அலுமாரியில் போட்டால் அதற்குள்ளேயே பூஞ்சணம் வளரும். தண்ணீர் உள்ளே உறைந்தாலும் நார் வெடித்துவிடும். வளைகுடாவில் பனியா என்று சிரிக்காதீர்கள். 2017 பெப்ரவரியில் ஜெபல் ஜைஸில் பனி விழுந்தது.

*குளோரின் மாத்திரை.* பத்து மாத்திரை பத்துக் கிராம்கூட வராது. பக்டீரியாவையும் வைரசையும் கொல்லும். ஜியார்டியாவுக்கு ஓரளவு பலன், கிரிப்டோஸ்போரிடியத்துக்குப் பலனில்லை. ஒரு லீற்றருக்கான மாத்திரையும் உண்டு, இருபது லீற்றருக்கான மாத்திரையும் உண்டு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலிருக்கும். பொதியின் மேல் எழுதியிருப்பதை வாசித்துத்தான் போடவேண்டும். போட்டபின் 30 நிமிடம் காத்திருக்கவேண்டும். குளோரின் டயொக்சைட் என்ற வேறு வகை மாத்திரை நாலு மணித்தியாலம் விட்டால் கிரிப்டோஸ்போரிடியத்தையும் கொல்லும்.

மாத்திரை இல்லாத இடத்தில், மணமூட்டாத, நிறமூட்டாத, 5 அல்லது 6 வீத வீட்டு பிளீச் இருந்தால் லீற்றருக்கு இரண்டு துளி. கலங்கலானால் நாலு துளி. இதற்கும் 30 நிமிடம். எலுமிச்சை மணம் சேர்த்த பிளீச் வேண்டாம்.

*அயடீன்.* பழைய முறை. கர்ப்பிணிகள், தைரொயிட் நோயாளர்கள் தவிர்க்கவேண்டும். இதுவும் கிரிப்டோஸ்போரிடியத்தைக் கொல்லாது. வேறு வழி இருக்கும்போது இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

*புறஊதாக் கதிர்ப் பேனா.* பேனா போன்ற விளக்கைத் தண்ணீரில் விட்டு ஒரு லீற்றருக்கு ஒன்றரை நிமிடம் கலக்கினால் மூன்று கூட்டமும் செயலிழக்கும். தண்ணீர் தெளிவாக இருந்தால்தான். கலங்கலில் கிருமி தூசுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பற்றரி தீர்ந்தால் வெறும் தடி.

*சூரியன்.* இது நம் வளைகுடா வெயிலுக்கென்றே பிறந்த முறை. பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஃப்திம் அக்ரா என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1980 அளவில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பின்னர் சுவிற்சர்லாந்தின் எயாவாக் நீராய்வு நிறுவனம் 1991 முதல் வளர்த்தெடுத்தது. இரண்டு லீற்றருக்கு மேற்படாத, கீறல் விழாத, நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி, படுக்கவைத்து, நேர் வெயிலில் ஆறு மணித்தியாலம் விடவேண்டும். மேகமூட்டமானால் இரண்டு நாள். தண்ணீர் போதிய தெளிவா என்று பார்க்க, போத்தலைப் பத்திரிகைத் தலைப்பின்மேல் நிறுத்தி, வாய்வழியே பார்த்து எழுத்தை வாசியுங்கள். வாசிக்க முடிந்தால் சரி. பாரம் சுழியம், செலவு சுழியம். தாகத்தோடு நிற்பவருக்கு உதவாது. கூடாரம் அடித்துத் தங்குபவர்களுக்கு உதவும்.

எங்கள் சிபாரிசு: நூறு கிராம் பொதி

மேலே உள்ளதைக் கவனித்தால் ஒன்று தெரியும். வடிகட்டி தவறவிடும் வைரசைக் குளோரின் கொல்கிறது. குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியத்தை வடிகட்டி பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கொதிக்க வைத்ததற்கு ஏறக்குறைய சமம். ஆகவே ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இருவர் பையில் இது இருக்கட்டும்:

1. சிறிய குழல்நார் வடிகட்டி ஒன்று: 60 கிராம் அளவு.
2. ஒரு லீற்றருக்கான குளோரின் மாத்திரை பத்து. காலாவதித் திகதி பார்த்து வாங்குங்கள். உறை கிழியாமலும் வெப்பம் படாமலும் வையுங்கள்.
3. நீரேற்றுக் கரைசல் பொதி ஒன்று: 21 கிராம் அளவு.
4. பழைய பருத்தித் துணித்துண்டு ஒன்று.

எல்லாம் சேர்ந்து நூறு கிராமைச் சுற்றித்தான் வரும். உங்கள் கைத்தொலைபேசியின் பாரம்கூட இல்லை.

செய்முறை: துணியில் வடியுங்கள், வடிகட்டியில் பிழியுங்கள், மாத்திரை போடுங்கள், நிழலில் 30 நிமிடம் வையுங்கள். மூடியைச் சற்றுத் தளர்த்தி, போத்தலைக் கவிழ்த்து, மருந்து கலந்த தண்ணீர் கழுத்துப்பகுதியிலும் படும்படி செய்யுங்கள். நீங்கள் வாய் வைப்பது அங்கேதான். அழுக்குத் தண்ணீர்ப் பைக்கு ஒரு அடையாளம் இட்டு வையுங்கள். இரண்டும் மாறிப்போனால் செய்த வேலை வீண். டாங், எலுமிச்சை, நீரேற்றுப் பொதி எதுவானாலும் அந்த 30 நிமிடம் முடிந்தபின்தான் கலக்கவேண்டும். விற்றமின் சி குளோரினைச் செயலிழக்கச் செய்துவிடும்.

குளோரின் மணம் பிடிக்கவில்லை என்று பலர் முகம் சுழிப்பார்கள். இந்த முகச்சுழிப்பு எங்களுக்குப் புதிதல்ல. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து மக்கள் தென்மராட்சிப் பக்கம் பெயர்ந்தபோது, வழியில் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீர் ஏந்திக் குடித்தோம். பின்னர் ஒரு பள்ளிக்கூடத்தில் பல நூறு பேருக்கு ஒரே கிணறு. அதில் குளோரின் தூள் போட்டதும், "மணக்கிற தண்ணீர் வேண்டாம்" என்று பலர் வாளியோடு தூரத்துக் கிணற்றைத் தேடிப் போனார்கள். அந்த வாரம் வயிற்றோட்டத்தோடு படுத்தவர்களில் அவர்கள்தான் அதிகம். அன்று முதல் அந்த மெல்லிய மணம் எங்களுக்கு நல்ல சகுனம். 30 நிமிடம் கழித்தும் இலேசாக மணந்தால் மருந்து மிச்சமிருக்கிறது, கிருமி மிச்சமில்லை என்று பொருள்.

சாதனம் திருத்த முடியாத தண்ணீர்

சில தண்ணீரை எந்த வடிகட்டியும் மாத்திரையும் திருத்தாது. மூன்றை மனதில் வையுங்கள்.

ஒன்று, உவர்நீர். உப்பை இந்தச் சிறு சாதனங்கள் எதுவும் நீக்கா. நாக்கில் கரித்தால் குடிக்கவேண்டாம். தாகம் கூடும்.

இரண்டு, காரநீர் ஊற்று. ஓமான் மலைகளின் கரும்பாறைப் பகுதிகளில் பிஎச் அளவு 11க்கு மேற்பட்ட ஊற்றுகள் உண்டு. பளிங்குபோல் தெளிந்து, வெளிர் நீலமாக, ஓரத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்படலம் படிந்திருக்கும். புகைப்படத்துக்கு அழகு. வாய்க்கும் வயிற்றுக்கும் ஆகாது. இத்தகைய தண்ணீரில் குளோரினும் சரியாக வேலை செய்யாது. தெளிவான தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை.

மூன்று, தோட்டம், பண்ணைகளுக்குக் கீழே தேங்கிய தண்ணீர். பூச்சிமருந்தும் உரமும் கலந்திருக்கலாம்.

சலாலாப் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஓமானின் டோபார் பகுதியிலும், சவூதியின் தென்மேற்கிலும், யேமனிலும் பில்ஹார்சியா என்னும் நத்தைப்புழு நோய் அறியப்பட்டது. அது வாய்வழி மட்டுமல்ல, காலை நனைத்தாலே தோல்வழி புகும். தேங்கிய நன்னீரில் இறங்கி நின்று தண்ணீர் அள்ளாதீர்கள். எச்சரிக்கைப் பலகை இருந்தால் மதியுங்கள்.

மழை நாளில் வாடிக்குள் போகவே வேண்டாம். உங்கள் தலைக்குமேல் வானம் வெளுத்திருந்தாலும் மலையில் பெய்த மழை சுவர்போல் வரும். 2024 ஏப்ரல் 16இல் அல் ஐன் பகுதியில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீற்றர் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். மழை வேளையில் வாடி, அணைப் பக்கம் கூடுவதற்கு அமீரகம் 2023இல் அபராதமும் விதித்திருக்கிறது.

ஊர்த் தண்ணீருக்கு மரியாதை

ஓமானில் மலையடிவார ஊர்களில் பலஜ் என்னும் வாய்க்கால்கள் ஓடும். இவற்றில் ஐந்தை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுரிமையில் சேர்த்தது. வாய்க்கால் ஊருக்குள் நுழையும் முதலிடம் குடிக்க. அதற்குக் கீழேதான் தொழுகைக்குக் கழுவுவதும், குளிப்பதும், கடைசியில் பேரீச்சந்தோட்டமும். நாம் மேல்வாயிலில் கால் நனைத்தால் ஊர் முழுவதும் அதைக் குடிக்கும். சவர்க்காரம் போடவே கூடாது. மலசலம் கழிக்க நேர்ந்தால் தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீற்றர் தள்ளிப் போய்க் குழி தோண்டி மூடுங்கள். நாம் விட்டுப்போகும் கிருமிதான் அடுத்த சனிக்கிழமை இன்னொருவர் வயிற்றுக்குப் போகிறது. சாப்பிடுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். கைக்குத் தடவும் அல்ககோல் திரவம் நோரோ வைரசுக்கும் கிரிப்டோஸ்போரிடியத்துக்கும் போதாது.

கையில் ஒன்றுமே இல்லாவிட்டால்?

இதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி. தண்ணீர் முடிந்துவிட்டது. வடிகட்டி இல்லை, மாத்திரை இல்லை. தலை சுற்றுகிறது, சிறுநீர் வற்றிவிட்டது, உதவி தூரத்தில். எதிரே பாசித் தண்ணீர். குடிப்பதா, வேண்டாமா?

குடியுங்கள். சட்டைத் துணியில் வடித்துக் குடியுங்கள். வெப்பத்தாக்கு சில மணித்தியாலத்தில் ஆளைக் கொல்லும். வயிற்றோட்டமோ ஒட்டுண்ணியோ நாட்கள் கழித்துத்தான் வரும், வந்தாலும் பெரும்பாலும் எங்களால் குணப்படுத்த முடியும். அந்த இளைஞர் மறுத்ததற்குக் காரணம் எங்களைப்போன்ற வைத்தியர்கள் ஆண்டாண்டாகச் சொல்லிவந்த புத்திதான். புத்தியின் ஒரு பாதியை மட்டும் சொல்லிவிட்டோம். மறுபாதியை இப்போது சொல்கிறோம். உவர்நீர், காரநீர், எண்ணெய் அல்லது இரசாயனம் கலந்த நீர் மட்டும் விலக்கு. அவற்றில் உவர்நீரை உடலில் ஊற்றிக் குளிரச் செய்யலாம், கண்ணிலும் வாயிலும் படாமல்.

கூட வந்தவர் பிதற்றினாலோ, மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, கிடைத்த தண்ணீரை உடலெங்கும் ஊற்றி விசிறுங்கள். அமீரகத்தில் அம்புலன்ஸ் 998, பொலிஸ் 999. ஓமானில் 9999. பள்ளத்தாக்குக்குள் அலைவரிசை கிடைக்காது. தெம்பானவர் இருவர் மேட்டுக்கு ஏறிப் பேசட்டும். புறப்படுமுன், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது எல்லாவற்றிலும் மேல்.

திரும்பி வந்த பின்

சாதாரண வயிற்றோட்டம் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். நீரேற்றுக் கரைசல் குடியுங்கள். பொதி இல்லாவிட்டால் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இரத்தம் கலந்து போனால், கடும் காய்ச்சல் இருந்தால், சிறுநீர் போகாவிட்டால், கண் மஞ்சளித்தால் உடனே வைத்தியரிடம் போங்கள். காய்ச்சலும் இரத்தமும் உள்ளபோது வயிற்றைக் கட்டும் மாத்திரை போடாதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த அன்ரிபயோற்றிக்கை நீங்களாக விழுங்காதீர்கள்.

ஜியார்டியா ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத் தலைகாட்டும். அதற்குள் மலையை மறந்திருப்பீர்கள். எனவே, "இன்ன திகதியில் வாடித் தண்ணீர் குடித்தேன்" என்று நீங்களே வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் பல பரிசோதனைகளை மிச்சப்படுத்தும்.

கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். ஹெப்பற்றைற்றிஸ் ஈ கர்ப்பிணிகளுக்கு உயிராபத்தாகலாம். நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரக நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் நீண்ட நடைக்குமுன் தங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். சில மாத்திரைகள் உடல்நீரை வெளியேற்றுபவை. ஹெப்பற்றைற்றிஸ் ஏ, நெருப்புக்காய்ச்சல் இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. ஊருக்குப் போகுமுன் போட்டுக்கொள்வது மலைக்கும் உதவும்.

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பது நம் பழமொழி. பாசி படர்ந்த தண்ணீரையும் பழிக்காமல், ஆனால் அப்படியே நம்பிவிடாமல், நூறு கிராம் பொதியோடு போய் வாருங்கள். அடுத்த விடுமுறைக்குப் பை கட்டும்போது, வடை மரவள்ளிப் பொரியலோடு அந்தப் பொதியும் ஏறிவிட்டதா என்று வீட்டிலிருக்கும் ஒருவர் கேட்டாலே இந்தக் கட்டுரை எழுதிய பலன் எங்களுக்குக் கிடைத்துவிடும்.